Y அடித்துவிட்டேன், Enter தட்டவில்லை

வந்தாறுமூலைக் கம்பஸின் கணினி லாப்பில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, லினக்ஸிலேயே கிடந்தவள் நான். அந்த வேலையை விட்டு ஏறாவூரில் ஒரு கணினி திருத்தும் கடையில் சேர்ந்த முதல் நாள், "கறுப்புத் திரையெல்லாம் எனக்கு விளையாட்டு, நானா" என்று, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது.

பின்னேரம் இரண்டரைக்குக் கதிரவெளியிலிருந்து ஒரு டீச்சர் மடிக்கணினியை அணைத்தபடி வந்தார்.

"தங்கச்சி, இருபத்திமூணு பிள்ளைகள்ற செயற்றிட்டமும் இதுக்குள்ளதான் கிடக்கு. நாலு மணிக்குள்ள அனுப்பாட்டி ஒருத்தருக்கும் புள்ளி இல்ல. வேற இடத்தில கொப்பி எடுத்தும் வைக்கல்ல."

விண்டோஸ் முழுதாக எழும்பவில்லை. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை மட்டும் வந்தது. கோப்புகளைப் பென்டிரைவுக்கு மாற்றி, கடைக் கணினியிலிருந்து அனுப்பலாம். ஆனால் டீச்சரின் பென்டிரைவ் நிறையப் பழைய கேள்வித்தாள்கள். "அதெல்லாத்தையும் அழிச்சிருங்க" என்றார்.

முதலில் cd அடித்து C டிரைவின் reports கோப்புறைக்குள் போனேன். உள்ளே இருப்பதைக் காட்ட லினக்ஸில் ls, இங்கே dir. இருபத்துமூன்று பெயர்களும் வந்தன. டீச்சர் விரல் வைத்து எண்ணினார்.

பென்டிரைவ் E. cd E: என்று அடித்தேன். திரையில் E:\ என்று விழுந்தது. போய்ச் சேர்ந்தாயிற்று என்று நினைத்து, எல்லாவற்றையும் அழிக்கும் del *.* கொடுத்தேன். நிச்சயமா என்று திரை கேட்டது. Y அடித்து, Enter-க்கு விரலைக் கொண்டுபோனேன்.

"கொஞ்சம் நில்லுங்க. கேள்விய வாசிச்சீங்களா?"

"இது எப்பவும் கேக்கிறதுதான் டீச்சர்."

"எங்கட பிள்ளைகளும் சோதனையில இப்பிடித்தான். வாசிங்க."

எரிச்சலோடு வாசித்தேன். அந்தக் கேள்வி C:\reports என்று தொடங்கியிருந்தது. Enter மேல் இருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. லினக்ஸில் cd எங்கேயும் கொண்டுபோகும். விண்டோஸில் cd E: அந்த டிரைவைச் சொல்லிக் காட்டுமே தவிர, அங்கே கொண்டுபோகாது. வெறும் E: அடித்தால்தான் டிரைவ் மாறும். இப்படி அழிப்பது குப்பைக்கூடைக்கும் போகாது.

Y-ஐ எடுத்துவிட்டு N போட்டேன்.

"தட்டியிருந்தா மறுகா என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்.

"எல்லாப் பிள்ளைகள்றதும் போயிருக்கும் டீச்சர். பிழை என்னில."

அவர் ஏசவில்லை. கதிரையை இழுத்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார். "இனி ஒவ்வொரு வரியையும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு அடிங்க."

முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, முதலாம் வகுப்புப் பிள்ளைபோல வாசித்து வாசித்து அடித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்றே முக்காலுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கே நிற்கிறோம் என்று கேட்க லினக்ஸிலும் Mac கணினியிலும் pwd, விண்டோஸில் வெறும் cd. அழிப்பதற்கு முன் அதை அடித்து, வரும் பதிலை வாய்விட்டு வாசியுங்கள். நான் இன்றைக்கும் வாசிக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.