சுழல மறுத்த கிராங்க் ஷாஃப்ட்

ஆம்பூரில் ஓடுகிற வண்டி எதுவானாலும் பிரிசில்லாவின் பட்டறை வாசலைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒரு தும்மல் வந்தாலும் அவள் இழுத்துப் போட்டுக் கழற்றிவிடுவாள் என்ற பயம். இது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். பைபாஸில் போகிற லாரிகளுக்கு அந்தப் பயம் கிடையாது. ஊருக்குள் ஓடுகிற வண்டிகளைப் பற்றிச் சொன்னதில் முக்கால்வாசி நிஜம்.

பிரிசில்லா பேரணாம்பட்டுக்காரி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தபோது அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் ஒரு டேனரியில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை. கரண்ட் போய், தோல் உருட்டும் பெரிய மரப் பீப்பாய்கள் நின்றுவிட்டால் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தோலுக்குக் குறி குத்தும் பிரிவில் இருந்த ஜெயசீலனும் பார்த்தான். பீப்பாய்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் பார்த்தான். கல்யாணம் ஆயிற்று. பிறகு அவள் வேலையை விட்டுவிட்டுத் தகரக் கொட்டகை போட்டு எஞ்சின் பட்டறை தொடங்கினாள். சில வருஷம் கழித்து அவனும் டேனரியை விட்டு வந்து சேர்ந்துகொண்டான். அவன் கழற்றுவான், அவள் பூட்டுவாள். வீட்டுச் சண்டையிலும் இதே முறைதான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு.

இவர்களிடம்தான் முக்தார் அகமது தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைக் கொண்டுவந்தார். ஷூவுக்கு மேல்பாகம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கார் அவருடைய அப்பா காலத்தது. இரண்டே பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் மடியில்தான் இடம். எங்கேயோ ஒரு பட்டறையில் அதே காரின் அடுத்த வருஷத்து மாடலிலிருந்து, எஞ்சினுக்குள் சுழலும் பெரிய அச்சான கிராங்க் ஷாஃப்டை எடுத்து இதில் போட்டுவிட்டார்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆயில் போகிற துளை மட்டும் சற்றுத் தள்ளி இருந்தது. அந்தச் சற்று, போட்ட பேரிங்கையெல்லாம் தின்று தீர்த்தது.

சரியான ஷாஃப்டுக்காகப் பிரிசில்லா அலையாத அலைச்சல் இல்லை. கடைசியில் அரக்கோணத்தில், அரங்கநாதன் என்கிற ரயில்வேக்காரரின் வீட்டுக் கொல்லையில், சாக்குக்குள் சுற்றிக் கிடந்தது அது. எண்ணும் பொருந்தியது, துளையும் பொருந்தியது. ஒரே ஒரு குறை. ஏற்கெனவே பல தடவை லேத்தில் கடைந்து, கடைசி அளவுக்கு வந்துவிட்ட ஷாஃப்ட் அது. இனி அதில் ஒரு கீறல் விழுந்தால் மறுபடி கடைய இடமில்லை. அப்படி நடந்தால் இன்னொன்றை எங்கே போய்த் தேடுவது என்று அவளுக்கே தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் ஸ்டாண்டில் தயாராக நின்றது. ஆயில் ஊற்றியாயிற்று, பேட்டரி மாட்டியாயிற்று. முக்தார் அகமது வெள்ளை ஜிப்பாவில் வந்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜும்மாவுக்கு முன்னாடி சத்தத்தைக் கேட்டுட்டுப் போறேன் பிரிசில்லாம்மா. ஞாயித்துக்கிழமை வேலூர் கோட்டைக்கிட்ட பழைய வண்டிங்கல்லாம் வருது. நம்ம வண்டி இல்லன்னா தோஸ்துங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"ஒரு நிமிஷம் பாய். கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்துடறேன்."

நீளமான கம்பியை மாட்டிச் சுற்றினாள். சுற்றியது. ஆனால் மனசில்லாமல் சுற்றியது. நேற்றுப் பூட்டும்போதே அந்த இறுக்கம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பின்பக்கத்துப் புது ஆயில் சீல் பிடிக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியிருந்தாள். ஒரு ராத்திரி ஊறினால் சீல் இளகியிருக்க வேண்டும். இது இளகவில்லை.

"இன்னா, முறைச்சிட்டு நிக்கிற?" என்றான் ஜெயசீலன்.

"பிடிக்குது."

"புது ரிங்கு, புது சீலு. ஓட வுட்டா தானா லூசாயிடும்."

"கல்யாணத்தப்போ உன்னைப் பத்தியும் இப்படித்தான் சொன்னாங்க."

முக்தார் அகமது சிரித்துக்கொண்டே சுவிட்சின் மேல் கை வைத்தார். "ஜெயசீலன் சொல்றது கரெக்டு. அழுத்தட்டுமா?"

பிரிசில்லா கம்பியை விட்டுவிட்டுப் போய் பேட்டரி வயரைப் பிடுங்கினாள்.

"இன்னா பண்றீங்க?"

"திறக்கப் போறேன் பாய்."

"எதை?"

"எல்லாத்தையும். அடிவரைக்கும்."

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "இன்னா பேஜாரு இது! நேத்துதானே மூடினீங்க? சந்தேகம் இருந்தா நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல?"

அது நியாயமான கேள்வி. அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. "நேத்து சொல்லியிருக்கணும்தான்" என்றாள். "இன்னைக்கி சொல்லாம வுட்டா, ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட ஷாஃப்டே இருக்காது."

ஆயிலை வடித்தார்கள். எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினார்கள். உள்ளே கிராங்க் ஷாஃப்டை ஐந்து இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரிங் கேப்புகள். ஒவ்வொரு கேப்பும் கம்பெனியில் அதனதன் இடத்தில் வைத்தே துளை கடையப்பட்டது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும். உட்கார்ந்து ஷாஃப்டை நெரிக்கும்.

ஒரு கேப்பின் போல்ட்டைத் தளர்த்துவது, சுற்றிப் பார்ப்பது, மறுபடி இறுக்குவது. இப்படி முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள். முதல் கேப்பில் மாற்றமில்லை. இரண்டாவதைத் தளர்த்தியதும் கம்பி கொஞ்சம் லேசானது. மூன்றாவதில் ஒன்றுமில்லை. இரண்டோடு சேர்த்து நான்காவதையும் தளர்த்தியதும் ஷாஃப்ட் அவள் உள்ளங்கைக்கே வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஆக, சீல் இல்லை, ரிங் இல்லை. இரண்டும் நாலும்தான் திருடர்கள்.

குனிந்து குறியைப் பார்த்தாள். கம்பெனி போட்ட எண்களை முன்னொரு கை எப்போதோ அராவி எடுத்திருந்தது. அதனால் கழற்றும்போது ஜெயசீலன் உளியால் புள்ளி குத்தியிருந்தான். ஓரத்து இரண்டு கேப்புகளும் உருவத்திலேயே வித்தியாசமாகத் தெரியும். அவற்றுக்குக் குறி தேவையில்லை. நடுவில் இருந்த மூன்றுக்கும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. முன்பக்கத்திலிருந்து வரிசை பிசகாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று உட்கார்ந்திருந்தன.

குறி சரி. பூட்டினதும் சரி. பிறகு ஏன் பிடிக்கிறது? கேப்புகளே வேறு எஞ்சினுடையவையா? அப்படியானால் ஷாஃப்ட் மட்டுமில்லை, எஞ்சினே போயிற்று.

"மணியாவுது" என்றார் முக்தார் அகமது. பள்ளிவாசலுக்குக் கிளம்ப வேண்டியவர். கிளம்பவில்லை.

பிரிசில்லா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வேலை தெரிந்தவன்தான். ஆனால் வேலை கற்ற இடம் வேறு. அவன் இருந்த டேனரியில் தோலுக்குக் குறி வால் பக்கம்தான் குத்துவார்கள். அடுக்கு எண்ணுவதும் வாலிலிருந்துதான். மாட்டின் கழுத்துப் பக்கம் எது என்று யாரும் கவலைப்படுவதில்லை.

"யோவ்" என்றாள் மெதுவாக. "இந்த ஒத்தைப் புள்ளியை எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்ச?"

"இது இன்னா கேள்வி? வால்ல இருந்துதான்."

"எஞ்சினுக்கு ஏதுய்யா வாலு?"

"ஃப்ளைவீல் பக்கம்!" என்றான் அவன், உலகத்துக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கேப்புகளைப் பார்த்தான். அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அவன் பின்னாலிருந்து எண்ணினான், அவள் முன்னாலிருந்து பூட்டினாள். நடுக் கேப்பு எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் நடுதான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் இடம் மாறியிருந்தன.

"இப்ப ஷாஃப்டு?" என்றார் முக்தார் அகமது.

அதைத்தான் பார்க்க வேண்டும். பிரிசில்லா இரண்டாவது கேப்பைத் தூக்கினாள். உள்ளிருந்த பேரிங் தகட்டில் ஒரு ஓரமாகப் பளபளவென்று தேய்மானம். தகடு போனால் போகிறது, மாற்றுத் தகடு பெட்டியில் இருந்தது. அவள் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். ஷாஃப்டின் மேல் நகத்தை வைத்து மெல்ல நகர்த்தினாள். ஒரு கீறல் இருந்தாலும் நகம் தட்டும். ஜெயசீலன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். முக்தார் அகமது உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

நகம் எங்கேயும் நிற்கவில்லை. நாலாவது இடத்திலும் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

"கீறல் இல்ல" என்றாள். "கையால மட்டும் சுத்தினதால பொழைச்சிது."

முக்தார் அகமது சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அதை ஜிப்பா பைக்குள் விட்டுக்கொண்டு, "தொழுதுட்டு வர்றேன்" என்று வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது கேப்புகள் இடம் மாறி, தகடுகள் மாறி, சம்ப் மூடியிருந்தது. இப்போது ஷாஃப்ட் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுற்றியது. பேட்டரி வயரை மறுபடி மாட்டி, பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டு முதலில் ஆயிலை மட்டும் ஏற்றினாள். ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் அசையவில்லை. அசையவில்லை. பிறகு சோம்பேறித்தனமாக எழுந்து நிமிர்ந்து நின்றது. பிளக்குகளை மாட்டினாள்.

"அழுத்துங்க பாய்."

"நீங்களே அழுத்துங்கம்மா. என் கையை நான் நம்பல."

அவள் அழுத்தினாள். எஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிறகு உறுமத் தொடங்கியது. அந்த உறுமலில் கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்து, ஏலகிரி மலையில் குரங்குகள் கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முள் நின்ற இடத்திலேயே நின்றது. முக்தார் அகமது கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார், புகை என்று சொல்லிக்கொண்டு. பிரிசில்லா அன்று புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பு முழுக்க அவனுடையது, பெருந்தன்மை முழுக்க அவளுடையது.

இதை எழுதிப் பட்டறைக்கே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். பிரிசில்லா ஏதோ போல்ட்டைத் தேடுகிறவள் மாதிரி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள். டீ கொண்டுவந்த ஜெயசீலன் டம்ளரை வைத்துவிட்டு நின்றான்.

"குரங்கைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல டீச்சரம்மா. கடைசி வரியை மட்டும் மாத்திடுங்க. கழட்டின அன்னைக்கே அரக்கோணத்துல இருந்த இவளுக்குப் போன் போட்டு, வால்ல இருந்து குறி வச்சிருக்கேன்னு சொன்னேன். ஷாஃப்டு கிடைச்ச குஷியில 'சரி, சரி'ன்னுட்டு வச்சிட்டா. அதான் திட்டல."