உட்காராத சமரசர்

கால் ஆடும் நாற்காலிக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டு, தள்ளி நின்று பார்க்கிறாள். திருப்தியில்லை. இரண்டு நாற்காலிகளையும் ஒன்றையொன்று முறைக்காதபடி சன்னல் பக்கமாகத் திருப்பிப் போடுகிறாள். "நேருக்கு நேர் உட்கார்ந்தா மூஞ்சிதான் தெரியும், விஷயம் தெரியாது" என்பாள்.

நீதிமன்றத்தின் உடைந்த சாமான்கள் கிடந்த அறை இது. இப்போது வாசலில் 'சமரச மையம்' என்று பலகை தொங்குகிறது. வழக்காடிக் களைத்தவர்களை நீதிபதி இங்கே அனுப்புகிறார். பேசித் தீர்த்துக் கையெழுத்திட்டால் அதுவே தீர்ப்புக்குச் சமம். ஆனால் சமரசருக்கு அங்கியும் இல்லை, உயர்ந்த மேடையும் இல்லை. வருகிறவர்கள் அவளைத் தாண்டி யாரையோ தேடுவார்கள்.

"ஜட்ஜம்மா எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க. நான்தான்."

"அப்ப நாங்க எதுக்கு வந்தோம்?"

"சண்டை போடத்தான். உட்காருங்க."

உட்காரச் சொல்பவள் உட்கார மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பாட்டைக்கூட நடந்துகொண்டே முடிப்பாள். அதனால்தான் அவளுடைய அக்கா டிபன் பெட்டியோடு வராந்தா பெஞ்சில் காத்திருக்கிறாள். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், "உள்ள இருக்கிறது என் தங்கச்சி" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. உள்ளே பேசுவதைப் பற்றித் தங்கையிடம் கேட்டால், "மூச்சு விடக்கூடாதுக்கா" என்று நகத்தைக் கடிப்பாள்.

இன்றைய வழக்கோ வராந்தாவுக்கே தெரியும். இரண்டு கூட்டாளிகள் சேர்ந்து இரும்பு கடையும் லேத் இயந்திரம் வாங்கிப் பட்டறை போட்டார்கள். பலகையில் யார் பெயர் முதலில் என்று தொடங்கிய சண்டையில் பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. இருவருக்கும் வேலையில்லை, உள்ளே லேத் துருப்பிடிக்கிறது. இன்று கடைசி அமர்வு. பேச்சு முறிந்தால் வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்பு வருவதற்குள் லேத் பழைய இரும்பாகிவிடும்.

காலையிலிருந்து இருவரும் வாயைத் திறக்கவில்லை. தங்கை வெளியே வந்து வராந்தாவைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள்.

"கத்தினாக்கூடப் பரவாயில்லக்கா. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க."

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடி."

"இறங்காது."

உள்ளே போனாள். சரியாக மூடாத கதவு வழியே அவள் குரல் கேட்டது. "நான் புரிஞ்சுகிட்டதைச் சொல்றேன். லேத்தை இவர் தனியா வாங்கிப் போட்டாரு. நீங்க பின்னால வந்து சேர்ந்தீங்க. சரியா?"

அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். பருப்பில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் பொறுக்குகிறவள் இப்படியா தவறுவாள்?

"யாரு சொன்னது?" இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"தனியாவா? நிலைப்படியை இடிச்சு ரெண்டு பேரும்தானே உள்ள இறக்கினோம்! அப்ப லேத் இவன் கால்ல பட்டுடுச்சு மேடம்!"

"என் காலு இல்லண்ணே, உன் காலு!"

"உன் காலுடா! கட்டு போட்டதே நான்தானே!"

நாற்காலிகள் கீச்சிட்டன. வராந்தாவில் நின்ற அவர்களுடைய வக்கீல்கள் இருவரும் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். "அடிதடி ஆயிடும், விடுங்க!"

அதற்குள் தங்கை வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். சுவரோரம் இருந்த நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டாள். அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, டிபன் பெட்டிக்காக அக்காவிடம் கையை நீட்டினாள்.