மயிலண்ணனின் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். நான் எழுதி நீங்கள் படிக்க வேண்டும் என்று நினைத்ததே அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கேபிள் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

1. ஜப்பான் கேசட்

விராலிமலையில் ஒரு கேபிள் ஆபீசில் சேர்ந்தேன். சந்தா வாங்குவது, வி.சி.ஆர். ஹெட்டைத் துடைப்பது, நேரத்துக்குக் கேசட் போடுவது, இவைதான் வேலை. எங்கள் லோக்கல் சேனலில் சாயங்காலம் ஏதாவது ஓட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் முதலாளி ஒரு பெட்டி கேசட் வாங்கி வந்தார். எல்லாம் ஒரே பொம்மைப் படம், ஜப்பான் பேச்சு. நீலக் கவசம் போட்ட ஒருவன். தலையில் கொண்டை, முதுகில் விசிறி மாதிரி விரியும் இறக்கை. பறந்து போய் ராட்சச மெஷின்களை அடித்து நொறுக்குகிறான்.

"ஏத்தா, மைக்கப் புடிச்சு நீயே பேசிவிடு" என்றார் முதலாளி.

"எனக்கு ஜப்பான் தெரியாதுண்ணே."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? ஜப்பான்காரனா சந்தா கட்டுறான், வந்து சண்டை புடிக்க?"

கன்ட்ரோல் ரூம் ஜன்னல் இல்லாத சின்ன அறை. கதவைச் சாத்தினால் டி.வி. வெளிச்சம் மட்டும்தான். வி.சி.ஆர். சூட்டில் அறையே ஒரு மாதிரி மணக்கும். மலையில் மயில்கள் கத்துவது சுவரைத் தாண்டி மெல்லக் கேட்கும். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் பேச்சு வந்தது. தூக்கத்தில் யாரோ பேசுவதை நானே கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. கொண்டையைப் பார்த்து அவனுக்கு மயிலண்ணன் என்று பெயர் வைத்தேன்.

முதல் கேசட்டில் மயிலண்ணனின் அப்பா, கண்ணாடி போட்ட விஞ்ஞானி, ஒரு வெள்ளை வெளிச்சத்துக்குள் போகிறார். அப்புறம் அவரைக் காணோம். மகன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்குத் தெரிந்து அப்பாக்கள் அப்படிப் போகிற இடம் ஒன்றுதான். "அப்பா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு" என்று சொன்னேன். பின்னால் சில கேசட்டுகளில் அவர் புகை மாதிரி வந்து, தூங்குகிற மகனின் தலையைத் தடவுவார். "அப்பா லீவுல வந்திருக்காரு" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆபீஸ் வாசலில், "டேய், அவங்கப்பா என்னடா வாங்கிட்டு வந்திருப்பாரு?" என்று பேசிக்கொண்டு போவார்கள். நான் குனிந்த தலை நிமிர மாட்டேன்.

2. டிஸ்க்

இப்போதும் அதே ஆபீஸ்தான். செட்டாப் பாக்ஸ் ரீசார்ஜ் செய்கிறேன். போன மாதம் ஒருவர் கவுன்டரில் வந்து நின்றார்.

"அக்கா, மயிலண்ணனுக்குப் பேசுனது நீங்கதானாமே? பழைய மொதலாளி சொன்னாரு."

பெயர் ஜெயசீலன், ஆவூர்க்காரர். சின்ன வயதில் விராலிமலையில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர். அப்போது அவர் அப்பா மஸ்கட்டில். இப்போது இவரே மஸ்கட்டில் டிரைவர். எட்டு வயது மகள் ஜெசிந்தாவுக்குப் போனில் மயிலண்ணன் கதை சொல்லிச் சொல்லித்தான் அப்பா என்று பழக்கமானாராம். இந்த லீவுக்கு ஆசையாக அந்தப் படத்தின் டிஸ்க் செட்டை வரவழைத்திருக்கிறார். அதில் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. மகள் இங்கிலீஷ் மீடியம்.

"மொத ரெண்டு டிஸ்க்குலயே படிச்சுட்டாக்கா. 'இவரு செத்துப் போயிட்டாரு, வர்றதெல்லாம் கனவு, நீங்க பொய் சொல்லியிருக்கீங்க'ங்கிறா. அதுலேருந்து பேச மாட்டேங்கிறா. போன்லயும் இனிமே கதை வேணாமாம். நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு."

இத்தனை வருஷமும் மயிலண்ணனின் அப்பா எனக்கு வெளிநாட்டில்தான் இருந்தார்.

"ஒருவாட்டி வீட்டுக்கு வந்து பேசுங்கக்கா. நான் கேட்டதத்தான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியட்டும்."

"ஆளுக முன்னாடி எனக்கு வராதுங்க."

"முன்னாடி வேணாம். கதவுக்கு அங்கிட்டு இருந்து பேசுங்க."

அன்று சாயங்காலம் ஆவூருக்கு பஸ் ஏறினேன். அடுப்படித் திரைக்குப் பின்னால், டி.வி. தெரிகிற மாதிரி ஸ்டூல் போட்டிருந்தார்கள். படம் ஓடியது. கேசட்டில் கோடு கோடாகப் பார்த்த நீலம் இவ்வளவு நீலமா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

"உள்ள யாருப்பா?" என்று சிறுமியின் குரல் கேட்டது.

"மயிலண்ணன்."

"சும்மா சொல்லாதீங்க."

அந்த வெள்ளை வெளிச்சம் வந்தது. வாய் தானாகத் திறந்தது. "அப்பா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு. மயிலண்ணே, அழுகாத, அங்க பாரு, பிளேன் தெரியுது." அந்தப் பழைய குரல் அப்படியே இருந்தது. நான்தான் வயதாகிப் போயிருந்தேன்.

ஜெசிந்தா எழுந்து வந்து திரையைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"அத்தை, கீழ டெட்னு போட்டிருக்கே, பாக்கலயா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது பாப்பா. அப்ப எழுத்தும் ஓடாது. படத்தப் பாத்துச் சொன்னேன்."

"வெளிநாடுன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"இங்கிட்டு எல்லா அப்பாவும் அங்கதான போயிருந்தாங்க."

போய் ரிமோட்டை எடுத்து அந்த எழுத்தை நிறுத்தினாள். அப்பாவின் காலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ம், பேசுங்க" என்றாள்.

அடுத்த டிஸ்க்கில் புகை வந்தது. "அப்பா லீவுல வந்திருக்காரு" என்றேன்.

"எப்பப் போவாரு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

படத்தில் மயிலண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"விடிஞ்சதும். போய் எறங்குனதும் போன் பண்ணுவாரு."

"பண்ணட்டும்" என்றாள். "விட்ட எடத்துலேருந்து சொல்லணும்."

மைக் பிடிக்கிற பிள்ளைகளே, கேட்கிற வீட்டில் யார் இல்லை என்று தெரிந்து பேசுங்கள். இந்தத் தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஜெயசீலன் ஏர்போர்ட்டுக்குப் போனார். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ரீசார்ஜ் செய்ய வந்தவர்களுக்குச் சாயங்காலம் வரை சைகையில்தான் பதில் சொன்னேன்.