மலையில்லாத கவுண்டியில் ஒரு மொட்டை

"ஐயா, எங்கள் கவுண்டியில் மலை எதுவும் இல்லை. தாங்கள் எதையாவது கண்டுபிடித்தால் எங்களுக்கும் தெரிவிக்கவும்." 1998 செப்டம்பரில் டெக்சஸின் ஒரு கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதில் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். கையெழுத்தும் முத்திரையும் முறையாக இருந்தன.

அவர்களிடம் மலை எங்கே என்று என்னைக் கேட்கவைத்தவர் ஒரு டாக்டர், பொள்ளாச்சிக்காரர். வைத்தியர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்த்தால் விசா சிக்கல் தீரும் என்ற ஏற்பாட்டில் அந்தக் கவுண்டிக்கு வந்தவர். வந்த புதிதில் மனைவிக்கு ஏழாம் மாதமே பிரசவமாகி, குழந்தை டாலஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அப்போது முருகனிடம் வேண்டிக்கொண்டார்: பிள்ளை பிழைத்தால், ஒரு வயது முடிவதற்குள், நான் இருக்கும் கவுண்டியிலேயே மலையேறி மொட்டை போடுகிறேன். பழனிக்குப் போனால் திரும்பி வர விசா கிடைக்குமோ என்னவோ. சாமியிடம் முடியாததைச் சொல்லக் கூடாது என்று யோசித்துச் செய்த வேண்டுதல் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது மட்டும் பொள்ளாச்சியில் பிறந்தவருக்குத் தோன்றவில்லை.

பிள்ளை பிழைத்தான். முடி மூக்குவரை இறங்கியது. டேகேரில் ரிப்பன் கட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது டாக்டர் எனக்கு போன் செய்தார். டாலஸை அடுத்த இர்விங்கில் இருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊர் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிக் குறிப்பெடுப்பவன் என்பது அவருக்குத் தெரியும்.

"பக்கத்து மாநிலம் ஓக்லஹோமாவுல நல்ல மலையே இருக்கு டாக்டர். ஒரு நாள்ல போயிட்டு வந்துடலாம்," என்றேன்.

"கவுண்டிக்குள்ளன்னு சொல்லிப் போட்டனுங்களே."

"முருகன் கவுண்டி எல்லை எல்லாம் பார்ப்பாரா?"

"இமிக்ரேஷன்காரன் பாக்கறானில்லீங்க?"

மறுநாளே கவுண்டி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன்.

அந்தக் கவுண்டி முழுக்கக் கரிசல். கோவில்பட்டிக்காரர் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பருத்தி போடலாம் என்பார். போட்டும் இருக்கிறார்கள். பிறகு பருத்தி போய் மாடு வந்தது. சாலைகள் நேராகப் போய்ச் செங்கோணத்தில் திரும்பும். திரும்புவதற்குக் காரணம் எதுவும் கண்ணில் படாது. எதிரே வரும் பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். ஒரு சிற்றூரின் பெயரிலேயே மலை இருந்தது. மனை விற்றவர் ஆட்களை வரவழைக்க வைத்த பெயர் என்று செய்தித்தாளில் படித்தேன். ஆட்களும் வரவில்லை.

நிலவரைபடத்தில் உயரம் காட்டும் கோடுகளில் மிக மேலானது ஒரு மேய்ச்சல் நிலத்தை முட்டை வடிவத்தில் சுற்றியிருந்தது. முட்டையின் நடுவில் ஒரு முள்கம்பி வேலி. இந்தப் பக்கம் ஒரு மூதாட்டி, அந்தப் பக்கம் அவர் தம்பி. இருவருமே டாக்டரின் நோயாளிகள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா மலையைத் தனக்குத்தான் எழுதி வைத்தார் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறந்த நாளுக்கு முந்தைய ஞாயிறன்று மூதாட்டியின் வாசலில் இறங்கினோம். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தோளில் வைத்து நடந்தார். புல்லெல்லாம் நெருஞ்சி மாதிரி முள்.

"ஏனுங்க, ஏற ஆரம்பிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து அவர் மனைவி கேட்டார்.

"ஏறிட்டுத்தான் இருக்கறேன்."

உச்சி என்று மூதாட்டி காட்டிய இடத்தில் ஒரு தேங்காயை வைத்துப் பார்த்தோம். உருளவில்லை. "இங்கே நின்றால் காது அடைக்கும்," என்றார் மூதாட்டி, பெருமையாக.

முருகன் படத்தை வேலிக் கம்பத்தில் சாய்த்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்த வேண்டும். நிஜத் தாய்மாமன் பொள்ளாச்சியில். "நீங்க எனக்கு அண்ணன்தானுங்ணா, உக்காருங்க," என்றார் மனைவி. உட்கார்ந்தேன். அறுவைக்கு முன் முடி மழிக்கும் மெஷினை டாக்டர் கொண்டுவந்திருந்தார். வலப் பக்கம் முடிந்தபோது வேலிக்கு அப்பால் தம்பிக்காரர் வந்து நின்றார்.

"டாக்டர், தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். மலை என் பக்கம்."

"எழுபது வயசாகியும் பொய்," என்றார் அக்கா, எங்களைப் பார்த்து.

"மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவளைக் கேளுங்கள்."

டாக்டரின் கை நின்றுவிட்டது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் ரெண்டு அங்குலம் உசரமா இருந்துச்சுன்னா?" என்று என்னைக் கேட்டார். வரைபடத்தில் அவ்வளவு நுணுக்கம் இல்லை என்றேன். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் இருந்த அதே முகம் அவருக்கு மறுபடி வந்தது.

மனைவிதான் முடிவு சொன்னார். "மீதிய அங்க போடுங்க. ரெண்டுல எது மலையோ, அந்த முடிய சாமி எடுத்துக்கட்டும்."

வேலிக்கு மேலாகப் பிள்ளையைக் கொடுத்துவிடலாம் என்றேன். டாக்டர் ஒப்பவில்லை. தாண்டினால் ஏறியதாகாது, அடிவாரத்திலிருந்து வர வேண்டும். அக்காவின் வாசலிலிருந்து தம்பியின் வாசலுக்குப் போக நாலு முறை செங்கோணத்தில் திரும்ப வேண்டியிருந்தது. சந்தனம் பூசிய பாதி மொட்டையும் முகத்தில் விழும் மீதி முடியுமாகப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு சந்திப்பில் எதிரே நின்ற பிக்கப்காரர் விரலைத் தூக்கினார். அவனைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார்.

மறுபடி வெறுங்கால், மறுபடி முள். நான் மறுபடி தாய்மாமன். மிச்ச முடியும் இறங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நகராமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை தன் தலையைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். டாக்டர் உட்கார்ந்து முள் எடுத்தார்.

"எந்தக் கால்ல அதிகமுங்க?" என்றார் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதான்."

கவுண்டி அலுவலகத்துக்கு வேலியின் இரு பக்கத்தையும் குறிப்பிட்டு எழுதினேன். பதில் வரவில்லை. எந்தப் பக்கம் உயரம் என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. ஆகவே வலப் பக்க முடியா, இடப் பக்க முடியா, எது வேண்டுதலைச் சேர்ந்தது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.