தலைக்கு அரைப்பிடி

பேரணாம்பட்டில் தோல் மண்டிக் காவல்காரர் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார். குள்ளம், பெரிய மீசை. மடியில் எப்போதும் கம்புத் தானியம் இருக்கும். பேசும்போதெல்லாம் அதை உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதுவார்.

நான் என் கோழிகளுக்குத் தீனி போடுவதைப் பார்த்து, "கோழிக்குத் தலைக்கு ஒரு பிடி ஜாஸ்திப்பா. கொழுத்துட்டா முட்டை வைக்காது. அரைப்பிடி போதும்" என்றார்.

நம்பினேன். முட்டை நின்றேபோனது.

"இன்னும் கொழுப்பு கரையல" என்றார்.

காய்ச்சலில் படுத்து எழுந்த என் மகளுக்கு அவரே முட்டை கொண்டுவந்து கொடுத்தார். கும்பிட்டு வாங்கினோம்.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். பசியில் போன என் கோழிகள் அவர் இறைத்த கம்பைத் தின்றன. ஒன்று அவர் கூடையிலேயே முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?"

"நானா கூப்டேன்? தீனி கீற எடத்துக்கு வருது" என்று உமியை ஊதினார்.

திருடியதைக்கூட மறந்துவிடுவேன். என் முட்டையையே கொடுத்து என்னைக் கும்பிட வைத்தாரே, அந்த மனிதரை இன்னும் எனக்குப் புரியவில்லை.