பூவாடைக்காரியிடம் அருணா கேட்ட கேள்வி

அருணாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவளுடைய ரவிக்கைக் கையில்தான் வந்து நிற்பார்கள். தோளில் பூசணிப் பிஞ்சு மாதிரி உப்பி, முழங்கைக்கு மேலே சிக்கென்று பிடித்திருக்கும் கை. அடுத்தது, மடித்து ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. அதற்கடுத்தது, ஓரத்தில் பூனைக் கண் போல மேலேறிய மூக்குக் கண்ணாடி. இருபத்தாறு வயதுப் பெண் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கோலத்தில் ரயிலடிக்கு நடந்து போவதை வாயாரச் சொல்லி முடித்த பிறகுதான், குரலைத் தாழ்த்தி, "தனியா ஊரு சுத்துதாம்" என்பார்கள்.

அவள் முனுசாமியின் மகள். முனுசாமி யாரென்றால், கவரைப்பேட்டைக்குக் கிழக்கே ஏரித் தண்ணீரில் மூன்று ஏக்கர் நெல் பயிர் செய்த துலுக்காணத்தின் மகன். துலுக்காணத்துக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் செங்கம்மாள். அவளுக்குப் பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவன் முனுசாமி. கடைசி மோகன்ராஜ். முனுசாமி கட்டியது கடம்பத்தூர் லட்சுமியம்மாளை. மோகன்ராஜ் கட்டியது பொன்னேரிப் பக்கத்துப் புவனேஸ்வரியை. செங்கம்மாளைக் கொடுத்தது சோழவரத்துக்கு. கொடுத்த மூன்றாம் வருஷமே அவள் செத்துப் போனாள். இருபத்திரண்டு வயது. கழுத்தில் தாலியோடு போனாள்.

தாலியோடு போனவள் அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். படைத்த புடவையை அந்த வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். அருணா பத்து வயதிலிருந்து கட்டுகிறாள். பாவாடை மேல் சுற்றி, இடுப்பில் சொருகி, தடுக்கி விழாமல் நடந்து அத்தையைக் கும்பிட்டிருக்கிறாள். எப்படிச் செத்தாள் என்று கேட்டால் "காய்ச்சலு" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

பதினேழு வயதில், பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே செங்கம்மாளின் ஏழு புடவைகள். நைலக்ஸ், வாயில், கைக்கு வழுக்குகிற ஜார்ஜெட். எல்லாவற்றுக்கும் பொருத்தமாக உப்பிய கை ரவிக்கைகள். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றை அருணா தோளில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கென்றே எடுத்தது மாதிரி இருந்தது. லட்சுமியம்மாள் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "நாப்த்தலின் வாசனை போற வரைக்கும் வெயில்ல போடு" என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து பிடித்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. வாரம் ஆறு நாள் நீலக் கோட்டும் தலைக்கு வலையுமாக நின்று, பெல்ட்டில் ஓடிவரும் பிளாஸ்டிக் மூடிகளில் கோணல் பொறுக்குவாள். ஏழாம் நாள் பெட்டியைத் திறப்பாள். பழவேற்காட்டுக் கல்லறைகள், தரங்கம்பாடிக் கோட்டை, ஒருமுறை மூன்று நாள் லீவு போட்டுக் கல்கத்தாவில் டிராம் வண்டி. போன இடத்தில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஏஞ்சல் கிண்டல் செய்வாள்.

"இன்னாடி, இன்னைக்கு எந்த மியூசியத்துலருந்து எறங்கி வந்துக்கினு இருக்க?"

"உன்ன மாதிரி கம்பெனி கோட்டுலயே கல்யாணத்துக்குப் போறவ இல்ல நான்."

அந்த ஏஞ்சல்தான் ஒருநாள் புள்ளி ரவிக்கையின் கழுத்தில் தைத்திருந்த சின்னத் துணிப் பட்டையைப் படித்துச் சொன்னாள். தெலுங்கு எழுத்து. தையல்காரன் பெயரும், கீழே ஆந்திர எல்லை தாண்டியதும் வரும் சூளூர்பேட்டை என்ற ஊரும். அருணா அடுத்த வாரமே மின்சார ரயிலேறிச் சூளூர்பேட்டைக்குப் போய்த் தேடினாள். தையல்கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. கருநீலப் புடவையோடு அதன் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

போன தை மாதம் வரன் வந்தது. புவனேஸ்வரியின் அண்ணன் மகன் பரணிதரன். முறைக்கும் சரி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. அருணா அவனிடம் போனில் ஒன்றுதான் கேட்டாள். "நான் கட்டுற துணியும் போற ஊரும் மாறாது. சரியா?" அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கு இன்னா வந்துது, போய்க்கோ" என்றான். அவளும் சரியென்றாள். அவன் அம்மா மட்டும் புவனேஸ்வரியிடம், "பொண்ணு போட்டோவ பாத்துட்டு எங்க சைடுல சிரிக்கிறாங்க. முன்னாடியே ஒரு வழி பண்ணு" என்று சொல்லியிருந்தாள். இது பின்னால் தெரிந்த சங்கதி.

நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, பூவாடைக்காரிக்குப் படையல் வைத்தார்கள். வாழையிலையில் வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு. நடுவில் அரக்குப் பட்டுப் புடவை. நெருங்கிய சொந்தம் பதினைந்து பேர் கூடத்தில் நின்றார்கள். உடுக்கை நான்கு தட்டுத் தட்டியதும் புவனேஸ்வரிக்கு அருள் வந்தது. கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

"ஏய்... என் பொருள எவடி தொட்டது... என் புடவைய கட்டிக்கினு ஊர் ஊரா ஆட்டம் போடுறா... ஒடம்பெல்லாம் எரியுதுடா எனக்கு..."

முனுசாமி கைகூப்பினார். "தாயே, கோவிச்சிக்காத. நீ யாருன்னு வாயால சொல்லு."

"செங்கம்மா வந்துக்கிறேன்டா. அந்தப் பொட்டிய கொளுத்து. இந்தப் பொண்ணு இனிமே படி தாண்டக் கூடாது. தாண்டினா இந்தக் கல்யாணம் நடக்காது."

வழக்கம் என்ன? வந்திருப்பது நம் வீட்டுத் தெய்வமா, வழியில் போன வேறு ஏதாவதா என்று ஒரு அடையாளம் கேட்க வேண்டும். செத்தவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டு, பதில் சரியாக இருந்தால்தான் கற்பூரம் ஏற்றலாம். கேட்பது வீட்டு மூத்த ஆண்பிள்ளையின் வேலை. முனுசாமி முப்பது வருஷமாகக் கேட்டவர். அன்றைக்குக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னவுடனே கற்பூரத்தை ஏற்றிவிட்டார். மோகன்ராஜ் பெட்டியை எடுக்கப் பரண் பக்கம் திரும்பிவிட்டான்.

அருணாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. பெட்டியையும் ஊர் சுற்றுவதையும் விட்டுவிடு என்று நான்கு நாளாக ஆளாளுக்கு அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். வாய்திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பவர்கள் சொன்னபோது பொறுத்தவளால், செத்த அத்தையின் வாயை இரவல் வாங்கிச் சொன்னபோது பொறுக்க முடியவில்லை.

"நைனா, அடையாளம் கேக்கல நீங்க."

"சும்மா இரும்மா."

"ஒவ்வொரு வாட்டியும் கேப்பீங்க இல்ல? இன்னைக்கு இன்னா வாய் அடைச்சிக்கிச்சு?"

"பொம்பளப் புள்ள சாமிய நிக்க வெச்சிக் கேள்வி கேக்குது பாரு" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் முனகினார்.

"எங்க அத்தைய நான் கேக்குறேன், உங்களுக்கு இன்னா பேஜாரு?" அருணா புவனேஸ்வரிக்கு நேராகப் போய் நின்றாள். "அத்தே, கருநீலத்துல வெள்ளப் புள்ளி போட்ட உன் புடவ. எந்த ஊர்ல எடுத்த?"

ஆட்டம் ஒரு நொடி நின்றது. முடிக்கு நடுவிலிருந்து ஒரு கண் அருணாவைப் பார்த்தது.

"மெட்ராசுலடி... மெட்ராசுல..."

"ரவிக்க கழுத்துல சூளூர்பேட்டைன்னு தெலுங்குல பட்டை தச்சிருக்குது. போட்டவளுக்குத் தெரியாதா?"

"புடவ மெட்ராசு. ரவிக்க சூளூர்பேட்ட."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "சரியாத்தான சொல்லுது" என்று மோகன்ராஜ் பெட்டியை இறக்கினான். அருணா அதன் மேல் கையை வைத்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை. சித்தப்பனும் அண்ணன் மகளும் ஒரு தகரப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்க, கற்பூரத் தட்டைப் பிடித்தபடியே முனுசாமி சொன்னார்:

"இல்ல. புடவையும் சூளூர்பேட்டதான். நான்தான் கூடப் போனேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஒன்பது வயதில் நடந்ததை அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆடிக்கு அக்கா தாய்வீடு வந்திருந்தாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், பாசஞ்சர் ரயிலில் சூளூர்பேட்டைக்குப் போனாள். புடவை எடுத்தாள், பக்கத்துத் தையல்கடையில் காத்திருந்து ரவிக்கையும் தைத்து வாங்கினாள். தம்பிக்கு ஐஸ் வாங்கித் தந்தாள். ரயில் சன்னல் ஓரமாக உட்கார்ந்து, "முனு, இந்த ரயிலு இன்னும் எதுவரைக்கும் போவும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சோழவரத்திலிருந்து வந்த மாமா, அக்காவின் புருஷன், அவனை மடியில் உட்கார வைத்து, "அக்கா எங்கடா போச்சு?" என்று கேட்டார். அவன் பெருமையாகச் சொல்லிவிட்டான். மாமாவும் துலுக்காணமும் அவள் துணியை வாரிக் களத்தில் போட்டார்கள். தீப்பெட்டி எடுத்து வரச் சொன்னார்கள். முனுசாமிதான் ஓடிப் போய் எடுத்து வந்தான். தாய் குதிருக்குள் ஒளித்தது இந்த ஏழு. அக்காவைச் சோழவரத்துக்கு இழுத்துப் போனார்கள். ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. வெளியே விட்டால் மறுபடி எங்காவது போய்விடுவாள் என்று ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை. பதினோராம் நாள் செத்தாள்.

"அதான்மா. அதுக்குத்தான் வருஷா வருஷம் புடவ வெக்கிறோம்" என்று முடித்தார் முனுசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அருணா கொட்டவில்லை. அப்பா அழுவதைப் பார்த்து மனசு இளகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு இன்னும் சூடுதான் ஏறியது.

"கட்டுனதுக்குக் கொளுத்துனீங்க. ரயில் ஏறுனதுக்குச் சாவ விட்டீங்க. அப்புறம் சாமின்னு புடவ வெச்சீங்க. அத என் ஒடம்புல சுத்தி என்னைய கும்பிட வெச்சீங்க. காய்ச்சலுன்னு சொன்னீங்களே நைனா, எனக்கு! இன்னைக்கும் அதே பொட்டி, அதே நெருப்பு. அடையாளம் கேக்காம கற்பூரம் ஏத்துனீங்க பாருங்க, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"கல்யாணம் நின்னுடுமேன்னு..."

"அப்பவும் எதுவோ நின்னுடும்னுதான் கொளுத்தியிருப்பீங்க."

புவனேஸ்வரி இதற்குள் சாதாரண மனுஷியாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. இன்னா நடந்துது?" லட்சுமியம்மாள் கொழுந்தன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். இலையிலிருந்த அரக்குப் பட்டை எடுத்துப் புவனேஸ்வரியின் மடியில் போட்டாள்.

"மெட்ராசு புடவதான். நீயே கட்டிக்கோ" என்றாள்.

அருணா தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய்ப் பரணிதரனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அம்மா ஏதோ புவனேஸ்வரி அத்தகிட்ட பேசிக்கினு இருந்துச்சு. நான் பெருசா எடுத்துக்கல அருணா. விடேன். ரெண்டு வருஷம் அவங்க சொல்றாப்ல இருந்துடு. அப்புறம் நாம பாத்துக்கலாம்."

"பொட்டிய கொளுத்திட்டு ரெண்டு வருஷம் கழிச்சி எத்த பாக்குறது?"

"புதுசா வாங்கித் தரேன். இப்பல்லாம் ஆன்லைன்லயே இந்த மாடலு கெடைக்குது."

"நீயே வாங்கி நீயே கட்டிக்கோ" என்று வைத்துவிட்டாள். நிச்சயதார்த்தம் நின்றது. சத்திரத்துக்குச் சொல்லி, பந்தல்காரனுக்குச் சொல்லி, சொந்தத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னதும் அவள்தான். காரணம் கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. "எங்க சின்னம்மா மேல வந்த சாமிக்கு எங்க அத்தைய தெரியல" என்றாள். புவனேஸ்வரி இன்றுவரை அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். ஆடி வந்து போய்விட்டது, ஆறவில்லை. சோழவரத்து மாமா இன்னும் இருக்கிறார், எழுபத்தைந்து வயது, இரண்டாம் தாரத்துப் பேரப்பிள்ளைகளோடு. அருணா ஒரு லீவு நாளில் புள்ளிப் புடவையோடு நேராக அவர் வீட்டுக்கே போனாள். கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரும்மா நீ?" என்றார். "செங்கம்மா தம்பி பொண்ணு. உங்களுக்கு இந்தப் புடவ ஞாபகம் இருக்கா?" அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. எங்க எடுத்த?" என்றார். ஞாபகமே இல்லை. திட்டிவிட்டு வரலாம் என்று போனவள், திட்டுவதற்கும் ஆள் மிஞ்சவில்லை என்ற எரிச்சலோடு பஸ் ஏறினாள்.

வீட்டில் முனுசாமியோடு பேசுகிறாள். சோறு போடுகிறாள், உர மூட்டைக்கு ஆள் சொல்கிறாள், மாத்திரை வாங்கி வருகிறாள். ஒன்றுதான் கிடையாது. லீவு நாளில் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கேட்பார்:

"எந்த ஊரும்மா இன்னைக்கு?"

போன மாதம் கேட்டபோது சொன்னாள்: "ஒருத்தி உங்கள நம்பிக் கூட்டிக்கினு போனா. போய்ச் சொன்னீங்க. எனக்கு உங்ககிட்ட சொல்ல இஷ்டம் இல்ல நைனா."

அன்றைக்கு அவள் கிளம்பிய பிறகு அவர் அடுப்பங்கரைக்குப் போய், "லட்சுமி, எங்க போவுது அது?" என்று கேட்டார். லட்சுமியம்மாளுக்குத் தெரியும். மகள் சொல்லிவிட்டுத்தான் போனாள். குழம்பைக் கிளறிக்கொண்டே, "எனக்கு இன்னா தெரியும்" என்றாள்.