வடிகால் எது என்று இப்போது கேட்கிறார்கள்

தமிழரசி அக்கா இறந்துவிட்டார். நேற்று மதியம் பூதலூர் ரோட்டில், ஸ்கூட்டியில் வந்தவரை மணல் லாரி இடித்துவிட்டது.

ஹெல்மெட் போட்டிருந்தார். இடது ஓரமாகத்தான் வந்தார். "பொம்பளைங்களுக்கு எதுக்கு வண்டி" என்று ஊர் குரூப்பில் எழுதியவர்களுக்காக இதை முதலில் சொல்கிறேன்.

நான் இங்கே லைக் மட்டும் போடுகிறவள். பத்தாவதோடு நின்றவள், யாராவது பேர் கேட்டாலே குரல் வராது. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா ஆட்டோ எலக்ட்ரீஷியன். பழைய ரைஸ் மில்லில் இருக்கும் ஷெட்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஷெட் மிராசு வீட்டு கார்த்திக் சாருடையது. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக ஒரு பழைய பிஎம்டபிள்யூ வாங்கி வைத்திருந்தார்.

அதிலிருந்த நாலு சிலிண்டர் எஞ்சினை செயின் பிளாக்கில் தூக்கி வெளியே எடுத்துவிட்டு, ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கினார்கள். பெரிய ரேடியேட்டர், புது சஸ்பென்ஷன், புது பிரேக்... அதெல்லாம் மெக்கானிக்குகள் வேலை.

ஆனால் வந்த எஞ்சினின் ஒயரும் இருந்த காரின் ஒயரும் ஒன்றோடொன்று பேசாது. பேச வைத்தது அக்கா. தனியாக. ஏழு மாதம்.

"ஏ புள்ள, என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நீ எழுது" என்பார். ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளை டேப் சுற்றி நான் பேர் எழுதினேன்.

அவர் சொன்ன பேர்களே வேறு. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் பெரிய வாய்க்கால். ஃபியூஸ் மதகு. பின்னால் டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப் கடைமடை. எர்த் ஒயர் வடிகால்.

"இங்கிலீஷ்ல எழுதலாம்லக்கா?"

"கரண்டும் தண்ணியும் ஒண்ணுதான் புள்ள. வந்தா போவணும். எனக்கு இப்படித்தான் வெளங்கும்."

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படமாகவும் வரைந்து வைத்தோம்.

சார் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, வண்டிய நடவுக்கு விடப் போறீங்களா?"

அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "மேட்டூர்ல தண்ணி விட்டா பாக்கலாம் சார்."

முதல் ஸ்டார்ட் அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து சார் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மூன்று ஆண்கள் சேர்ந்து ஸ்டார்ட்டரைக் கழற்றப் போனார்கள்.

அக்கா காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "எஞ்சின மாத்துனீங்களே, வடிகால் எங்க? வந்த தண்ணி எந்த வழியா போவும்?" என்றார். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போட வேண்டிய எர்த் பட்டையை மெக்கானிக்குகள் மறந்திருந்தார்கள். அக்கா போட்டு முடுக்கினார், சார் மறுபடி சாவியைத் திருப்பினார். மில் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது.

"கார் கதவுல உன் பேரையும் ஒட்டிடறேன் தமிழரசி" என்று சார் அன்று எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியில் அக்கா என்னிடம் கேட்டார், "இங்கிலீஷ்ல போடுவாங்களா, தமிழ்லயா?"

ஒட்டவில்லை. சாருடைய அப்பா எங்கள் காதுபடவே கேட்டார். "மாரிமுத்து மவ பேரு நம்ம வண்டியிலயா?"

மாரிமுத்து மாமா அக்காவின் அப்பா. அந்த வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். உழுகிறவனுக்கு நிலம் என்று கட்சி மேடையில் கேட்டதை நம்பியவர். மகளுக்குத் தமிழரசி என்று பேர் வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். நிலத்தை விடச் சொன்னபோது கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். அந்த வழக்குக்குப் பிறகு அந்த வீட்டு ஆட்கள் எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. வேலைக்குக் கூப்பிட வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்பில் நின்று ஹாரன் அடிப்பார்கள்.

போன மாதம் போட்டோ எடுக்க ஆள் வந்தது. பானெட்டைத் திறந்தால் டேப் அசிங்கமாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் பிரி என்றார் சார். அக்கா அன்று லீவு. பிரித்தாயிற்று.

சார் போட்ட பதினான்கு போட்டோவையும் பார்த்தேன். வேலை நடந்தபோது எடுத்த பழைய படம் ஒன்றில் மட்டும் அக்காவின் முழங்கை இருக்கிறது. கீழே, "ஒயரிங்: சென்னை டீம்."

இன்று காலை சார் போன் செய்தார். அக்கா இன்னும் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் இருந்தார். எத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, சென்னையில எஞ்சின் மவுண்ட்டு மாத்துனாங்க. இப்ப வண்டி ஸ்டார்ட் ஆவல, டிக்குனு நிக்குது. ஞாயித்துக்கிழமை ரேஸ். அந்தப் பொண்ணு நோட்டு ஒண்ணு வச்சிருந்துச்சுல்ல... வடிகால் எதுன்னு பாத்துச் சொல்லு."

"அக்கா செத்துட்டாங்க சார்."

"தெரியும்மா, பாவம். அதான் உன்கிட்ட கேக்குறேன்."

அந்தப் பொண்ணு. பேர்கூட இல்லை.

கட் பண்ணிவிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் போனை நான் கட் பண்ணியது இதுதான் முதல் தடவை.

எந்த போல்ட் என்று நோட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கார்த்திக் சார், இதை யாராவது உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். நோட்டு அக்கா வீட்டில், அவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று ஹாரன் அடித்தால் யாரும் எடுத்துவந்து தர மாட்டோம். தெருவுக்குள் வாருங்கள். வாசலில் மாரிமுத்து மாமா உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா பேரைச் சொல்லி, அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு எடுக்கிறோம்.

அக்கா... அந்த டேப்பைப் பிரித்த கை என்னுடையது. உங்களிடம் சொல்லவே இல்லை. வேண்டாம் சார் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

போயிட்டு வாங்கக்கா.